எட்டுக்கு நாலு, பதினெட்டு எம்எம்

மெட்ரிக் வந்து அறுபது வருடங்களுக்கு மேலாகிறது. பட்டறையில் இஞ்சும் அடுப்படியில் ஆழாக்கும் ஏன் இன்னும் புழங்குகின்றன?

ப்ளைவுட் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். "எட்டுக்கு நாலு, எய்ட்டீன் எம்எம், ஆறு ஷீட் போடுங்க." நீளமும் அகலமும் அடியில், கனம் மட்டும் மில்லிமீட்டரில். கடைக்காரர் அதைச் சதுர அடிக் கணக்கில் பெருக்கி பில் போடுவார். கூடவே வாங்கும் ஃபெவிகால் கிலோவில், ஸ்க்ரூ 'ஒன்றரை இஞ்ச் எட்டாம் நம்பர்'. கேட்பவருக்கும் குழப்பமில்லை, கொடுப்பவருக்கும் இல்லை.

குழப்பம் அறுக்கும்போது வரும். எட்டடிப் பலகை என்று நாம் சொல்லும் அந்தப் பலகை, ஆலையில் 2440 மில்லிமீட்டராக வெட்டப்படுகிறது. எட்டு அடிக்குச் சரியான கணக்கு 2438.4 மி.மீ. ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதலாகக் கிடைப்பது லாபம்தானே என்று தோன்றும். அதை நான்கு இரண்டடித் துண்டுகளாக அறுத்துப் பாருங்கள். மூன்று வெட்டு, வட்ட ரம்பம் ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மி.மீ. மரத்தைத் தூளாக்கும். நான்கு இரண்டடியும் ஒன்பது மில்லிமீட்டர் தூளும் சேர்ந்தால் 2447.4. பலகையில் அவ்வளவு கிடையாது. நாலாவது துண்டு இரண்டு நூலுக்கு மேல் குறைந்து நிற்கும். அதே பலகையை 600 மி.மீ. துண்டுகளாக அறுத்தால் நான்கும் முழுசாக வந்து, 31 மி.மீ. மிச்சமும் இருக்கும்.

இரண்டடியும் அறுநூறும் ஒன்றுதான் என்று நினைத்த வீட்டுக்காரர், அலமாரியில் ஒரு தட்டு மட்டும் ஏன் சிறியதாக இருக்கிறது என்று தச்சரிடம் சண்டைக்குப் போவார். இந்தச் சண்டை தமிழ்நாட்டில் தினமும் எங்காவது ஒரு வீட்டில் நடந்துகொண்டுதான் இருக்கும்.

நூல் பேசும் பட்டறை

ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். தச்சர், கொத்தனார், கம்பி கட்டுபவர் எல்லோருக்கும் இது பொது. கான்கிரீட்டுக்கு 'மூணு நூல் கம்பி' என்றால் 10 எம்எம், 'நாலு நூல்' என்றால் 12 எம்எம். கணக்குப் போட்டால் மூன்று நூல் 9.5 மில்லிமீட்டர்தான், நாலு நூல் 12.7. ஒன்று கூடுகிறது, ஒன்று குறைகிறது. கம்பி ஆலை மெட்ரிக்குக்குப் போய்விட்டது, பெயர் போகவில்லை.

கதவு நிலை செய்ய மரம் எடுப்பதைப் பாருங்கள். ஏழு அடி உயரம், மூன்றரை அடி அகலம், அஞ்சுக்கு மூணு கட்டை. இரண்டு பக்கக் கால், மேலே ஒன்று, கீழே வாசற்படி என்று மொத்தம் இருபத்தோரு ரன்னிங் அடி. அதை ஐந்தால் பெருக்கி, மூன்றால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் 2.19 கன அடி வரும். மரக்கடையில் இதைக் காகிதத்தின் ஓரத்திலோ, கட்டையின் மேலேயே பென்சிலாலோ போட்டு முடித்துவிடுவார்கள். இதையே மீட்டரில் போட்டால் 0.062 கன மீட்டர். தேக்கு வாங்க வந்தவரிடம் 'பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஆறு இரண்டு' என்று சொல்லி விலை கேட்டால், எவ்வளவு மரத்துக்கு எவ்வளவு பணம் என்று அவருக்குப் பிடிபடாது. கன அடி நிலைத்ததற்கு ஆங்கிலேயர் மேல் உள்ள பாசம் காரணமில்லை. ஒரு வீட்டுக்கு வேண்டிய மரம் அந்த அளவில் ஒற்றை இலக்கத்திலும் இரட்டை இலக்கத்திலும் அடங்குகிறது. கப்பலில் கன மீட்டர் கணக்கில் வந்து இறங்கும் மரமும் கடைக்கு வந்ததும் கன அடியாகிவிடுகிறது.

உருட்டு மரத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. நடுவில் சுற்றளவை எடுத்து, அதில் நாலில் ஒரு பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. நாலடிச் சுற்றளவு, பத்தடி நீளம் என்றால் பத்து கன அடி. வட்டத்தின் பரப்பு தெரிந்த பள்ளி மாணவன் போட்டால் 12.73 வரும். மாணவன் போட்டதும் சரி, வியாபாரி போட்டதும் சரி. உருண்டையைச் சதுரமாக்கும்போது கழியும் மேல்மரத்துக்கு வாங்குபவர் காசு கொடுப்பதில்லை. அந்தத் தள்ளுபடி சூத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் வாய்ப்பாடாகப் போட்டுப் பரப்பிய கணக்கு இது. மெட்ரிக்கில் அளந்தாலும் இதே நாலில் ஒரு பங்கு முறையைப் பின்பற்றலாம் என்பது வேறு விஷயம். அளவை மாறினாலும் பேரம் மாறுவதில்லை.

இஞ்ச் தங்கியதற்கு இன்னொரு காரணமும் எனக்குத் தோன்றுகிறது. பாதியாக்குவதுதான் தச்சு வேலையில் பாதி. பலகையின் நடுவைக் கண்டுபிடி, அதில் பாதியைக் குறி, அங்கே ஓட்டை போடு. இஞ்ச் பாதி, கால், அரைக்கால், வீசம் என்று உடைந்துகொண்டே போகும். பதினாறு அணா ஒரு ரூபாயாக இருந்த காலத்தில் வளர்ந்தவருக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. சிற்ப நூல்களிலும் எட்டு யவம் ஓர் அங்குலம். அந்த அங்குலத்தின் நீளம் வேறு, ஆனாலும் எட்டாகப் பிரிப்பது இங்கே லண்டனிலிருந்து வந்து இறங்கியதல்ல. வீடு கட்டுகிறவர் மனையடி சாஸ்திரத்தைப் புரட்டி, பன்னிரண்டு ஆகாது, பதினொன்று ஆகும் என்று அறையின் அகலத்தை ஓரடி குறைப்பார். அந்த ஓரடி 30.48 சென்டிமீட்டர் கொண்ட ஆங்கில அடி. சாஸ்திரம் எழுதியவர் அந்த அடியைப் பார்த்திருக்க மாட்டார் என்பதை எந்தப் பொறியாளரும் வீட்டுக்காரரிடம் சொல்வதில்லை. சொன்னால் வேலை போய்விடும்.

சொல்லப்போனால், சுத்தமான 'இம்பீரியல்' இஞ்ச் என்று இப்போது எதுவும் கிடையாது. 1959 வரை அமெரிக்க இஞ்ச் ஒன்று, பிரிட்டிஷ் இஞ்ச் ஒன்று. நூலளவுகூட இல்லாத வித்தியாசம்தான், ஆனால் இயந்திரம் செய்பவர்களுக்குத் தலைவலி. அந்த வருடம் ஆங்கிலம் பேசும் நாடுகள் கூடி, ஓர் இஞ்ச் என்றால் மிகச்சரியாக 25.4 மி.மீ. என்று முடிவு செய்தன. அன்றிலிருந்து இஞ்ச் என்பதே மெட்ரிக்கை வைத்து வரையறுக்கப்பட்ட அளவு.

சட்டம் தராசோடு நின்றது

நம் நாடாளுமன்றம் எடையளவுச் சட்டத்தை நிறைவேற்றியது 1956-ல். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. 1962 ஏப்ரலோடு பலம், வீசை, சேர், மணங்கு எல்லாம் சட்டப்படி செல்லாதவையாகின. அவ்வளவு பெரிய நாட்டில், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பெரும்பான்மையாக இருந்த காலத்தில், ஐந்தாறு வருடத்தில் கடைத்தராசை மாற்றிக் காட்டியது பெரிய சாதனை. அமெரிக்கா 1975-ல் மெட்ரிக்குக்கு மாற ஒரு சட்டம் போட்டு, 'விரும்பினால் மாறுங்கள்' என்று விட்டதால் இன்னும் அப்படியே நிற்கிறது.

ஆனால் வாயை மாற்ற முடிந்ததா? 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது. 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்பது தமிழ்நாட்டு அரசியலின் மறக்க முடியாத முழக்கமாயிற்று. படி அப்போது செல்லாத அளவாகி ஐந்து வருடம் ஆகியிருந்தது! மேடையில் நின்று ரூபாய்க்கு இத்தனை கிலோ இத்தனை கிராம் என்று சொல்லியிருந்தால் கூட்டத்தில் பாதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டிருப்பார்கள். சோறு பொங்கும் பெண்களின் கையில் இருந்தது படி. அண்ணாவின் கட்சிக்கு அது தெரிந்திருந்தது.

சட்டம் பிடித்தது விற்பனையை. தொழிலாளர் துறை ஆய்வாளர் கடைக்கு வந்து தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார். வீட்டுக்குள் வந்து உங்கள் டம்ளரைப் பார்க்க மாட்டார். அதனால் காசு கை மாறும் இடமெல்லாம் கிலோவும் லிட்டரும் ஆயின. அங்கேயும் சில ஓட்டைகள். டி.வி. விளம்பரத்தில் 80 செ.மீ. என்று பெரிதாகவும் 32 இஞ்ச் என்று அடைப்புக்குறிக்குள்ளும் போடுவார்கள். கடைக்குள் யாரும் செ.மீ. என்று வாய் திறப்பதில்லை. பவுன் எட்டு கிராமாக வழித்து விடப்பட்டு அதே பெயரில் ஓடுகிறது. பட்டாவில் ஹெக்டேர், ஏர், பேரத்தில் சென்ட். மல்லிகைப்பூவுக்கு முழம்தான், அதுவும் யார் முழங்கை என்பதைப் பொறுத்தது.

அடுப்படிக்கு அளவு வேண்டாம், விகிதம் போதும்

இட்லிக்கு நாலுக்கு ஒன்று. நாலு என்ன? ஆழாக்கா, டம்ளரா, தேங்காய்ச் சிரட்டையா, எதுவானால் என்ன? அரிசியையும் உளுந்தையும் ஒரே பாத்திரத்தால் அளந்தால் போதும். சாதத்துக்கு ஒன்றுக்கு இரண்டு, புது அரிசி என்றால் கொஞ்சம் குறைத்து. புளி எலுமிச்சை அளவு, பெருங்காயம் சுண்டைக்காய் அளவு, கடுகு ஒரு சிட்டிகை. பாகு கம்பிப் பதமா, உருட்டுப் பதமா என்று இரண்டு விரலுக்கிடையில் இழுத்துப் பார்ப்பது. அங்கே அளக்கப்படுவது வெப்பநிலை. மேலைநாட்டு இனிப்புக் கடைக்காரர் தெர்மாமீட்டரை விட்டு 110 டிகிரி செல்சியஸ் பக்கம் வருகிறதா என்று பார்ப்பதை, நம் வீட்டில் விரல் பார்க்கிறது.

மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' வெளிவந்தது 1951-ல், மெட்ரிக் சட்டத்துக்கு ஐந்து வருடம் முன்னால். அந்தச் சமையல் ஆழாக்கில் ஓடுகிறது. இன்றைக்கு அதை வைத்துச் சமைக்கும் பேத்தி, ஆழாக்கு என்றால் எத்தனை மில்லி என்று கூகுளில் தேடுகிறாள். 168 மி.லி. என்று ஒரு பதில் வரும். ஊருக்கு ஊர் படி வேறாக இருந்ததால் வேறு எண்களும் வரும். எதை வைத்தாலும் அவள் சாம்பார் நன்றாகத்தான் வரும், எல்லாவற்றையும் அதே கிண்ணத்தால் அளக்கும் வரை. தலைதட்டி அளக்கிறாளா, குவித்து அளக்கிறாளா என்பதுதான் அதைவிடப் பெரிய வித்தியாசம். குவித்த ஆழாக்கில் தாராளமாக இன்னொரு கைப்பிடி ஏறும்.

இங்கே ஒரு வேடிக்கை. எலெக்ட்ரிக் குக்கர் வாங்கினால் கூடவே ஒரு பிளாஸ்டிக் கப் வரும். பெரும்பாலும் அது 180 மி.லி. அமெரிக்கக் கப் 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250. இரண்டுக்கும் அது பொருந்தாது. அது ஜப்பானின் 'கோ' என்ற பழைய அளவு, ஒரு ஆளுக்கு ஒரு வேளை அரிசி. பத்து கோ ஒரு 'ஷோ', அதாவது 1.8 லிட்டர். நம் கடைகளில் 1.8 லிட்டர் குக்கர் என்று ஒன்றை அடுக்கி வைத்திருக்கிறார்களே, இரண்டு லிட்டர் என்று முழுசாகச் செய்யக்கூடாதா என்று நினைத்தவர்களுக்கு விடை இதுதான். ஜப்பான் சட்டப்படி கைவிட்ட அளவு, மில்லிலிட்டர் வேஷம் போட்டுக்கொண்டு தமிழ்நாட்டு அடுப்படிக்கு வந்து, ஆழாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டின் அளவும் கிட்டத்தட்ட ஒன்று. சோறு தின்கிற இரண்டு ஊர்க்காரர்களின் வயிறும் ஏறக்குறைய ஒன்றுதானே.

பிரியாணி மாஸ்டரிடம் போனால் கதை மாறுகிறது. "அஞ்சு கிலோ போடுங்க பாய்" என்றால் ஐந்து கிலோ அரிசி. கறி, வெங்காயம், தேக்சாவின் அளவு, ஆளுக்கு எவ்வளவு, கூலி எல்லாம் அந்த ஐந்து கிலோவிலிருந்து கிளம்பும். கல்யாணச் சமையல்காரர் எழுதித் தரும் சாமான் பட்டியலும் கிலோவில்தான். ஏனென்றால் அந்தப் பட்டியல் போவது மளிகைக் கடைக்கு. அடுப்பில் உலை வைத்துத் தண்ணீர் ஊற்றும்போது அதே மாஸ்டர் கிலோவை மறந்து, அரிசி அளந்த பாத்திரத்தையே எடுப்பார். வாங்கும் வரை எடை, சமைக்கும்போது கொள்ளளவு. பார்க்கப்போனால் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு இல்லை.

அளவு கெட்டால் காரியம் கெடும் ஒரே இடம் பேக்கிங். மைதாவைப் பொதியிலிருந்து கப்பால் மொண்டு எடுத்தால் அமுங்கி 150 கிராம் வரை வரும். கரண்டியால் தளர்த்திப் போட்டு வழித்தால் 120. கேக் எழுவதும் செங்கல்லாவதும் இந்த முப்பது கிராமில் இருக்கிறது. அமெரிக்கச் செய்முறையில் 'ஒரு ஸ்டிக் வெண்ணெய்' என்றால் 113 கிராம்; நம் கடைப் பொட்டலம் 100. ஆஸ்திரேலியாவில் டேபிள் ஸ்பூன் 20 மி.லி., மற்ற இடங்களில் 15. உப்பில் இது தெரியாது, பேக்கிங் சோடாவில் தெரியும். அடுப்பை 350 டிகிரிக்குச் சூடாக்கு என்று எழுதியிருப்பது ஃபாரன்ஹீட். நமக்கு அது சுமார் 177 செல்சியஸ். நல்லவேளை, நம் வீட்டு ஓ.டி.ஜி. பெரும்பாலும் 250-ஐத் தாண்டாது. 350-ஐத் தேடிக் குமிழைத் திருகுகிறவர் அங்கேயே விழித்துக்கொள்வார். யூடியூபில் கேக் சொல்லித் தருகிறவர்கள் 'ரெண்டு கப் மைதா' என்பதை நிறுத்திவிட்டு கிராமில் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. சாம்பாருக்குக் கிராம் சொல்கிறவர்களையும் நிறுத்தச் சொல்வேன்.

நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்

அடுப்படியும் பட்டறையும் ஒரே இடத்தில் மோதிக்கொள்வது மாடுலர் கிச்சனில்.

"பாத்திரம் கழுவுற மெஷினுக்கு எவ்வளவு விடணும்மா?"

"ரெண்டடி இருந்தா போதும்னு கடையில சொன்னாங்கண்ணே."

கடையில் சொன்னது தவறில்லை. மெஷின் 600 மி.மீ.; இரண்டடி 609.6. ஒரு மெஷினுக்கு ஒன்பதரை மில்லிமீட்டர் தாராளம், நல்லதுதான். ஆனால் பத்தடிச் சுவரில் ஐந்து பெட்டி வைக்கும்போது கணக்கு வேறு. தச்சர் அடியில் பிரித்து, பெட்டிக்கு இரண்டடி என்று சுவரில் கோடு போட்டிருப்பார். ஆலையிலிருந்து வரும் பெட்டியும் கதவும் 600. ஐந்து பெட்டிக்கு 3000, சுவர் 3048. ஓரத்தில் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர், இரண்டு விரல் அகலத்துக்கு மேல், சும்மா நிற்கும். அதற்குள் ஃபில்லர் பட்டை அடித்து மூடுவார்கள். முன்பே தெரிந்திருந்தால் பட்டையை இரண்டு ஓரத்துக்கும் பங்கு போட்டு அழகாக்கலாம். தெரியாவிட்டால் ஃபிரிட்ஜ் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆலைப் பொருள் வருகிற இடமெல்லாம் மில்லிமீட்டர் தானாக உள்ளே வந்துவிடுகிறது. கதவுக் கீலுக்கு வட்டக்குழி போடும் பிட் 35 எம்எம். நாள் முழுக்க நூல் பேசும் தச்சரும் அதை 'முப்பத்தஞ்சு பிட்' என்றுதான் கேட்பார். அதற்கு இஞ்சில் பெயரே இல்லை. டிராயர் சேனலுக்கு மட்டும் இரட்டை வாழ்க்கை: பதினெட்டு இஞ்ச் என்று வாங்குவது பெரும்பாலும் 450 மி.மீ., அதாவது பதினெட்டு இஞ்சுக்கு இரண்டு நூலுக்கு மேல் குறைவு. பெட்டியின் ஆழத்தை இஞ்சில் ஒட்டி வைத்தவர் மாட்டும்போதுதான் கவனிப்பார். சில இடங்களில் இரண்டு முறையும் ஒன்றையொன்று காப்பாற்றவும் செய்கின்றன. 18 எம்எம் ப்ளை முக்கால் இஞ்சுக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவு; முக்கால் இஞ்ச் காடிக்குள் ஆடும். மேலே ஒரு மில்லிமீட்டர் மைக்கா ஒட்டினால் பத்தொன்பது. முக்கால் இஞ்ச் 19.05. கச்சிதமாக உட்காரும்.

அறுபது வருடத்தில் சட்டம் செய்யாததை, இந்தக் கீலும் சேனலும் பத்து இருபது வருடத்தில் செய்திருக்கின்றன என்பதுதான் நான் கண்டது. பொருள் எந்த அளவில் செய்யப்பட்டு வருகிறதோ அந்த அளவைக் கை கற்றுக்கொள்கிறது. மரத்தை நாமே அறுத்து நாமே பொருத்தும் வரை இஞ்சை விடுவதற்கு ஒரு தேவையும் எழவில்லை.

ஜப்பானில் சட்டம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. 1950-களின் இறுதியோடு 'ஷாகு' என்ற பழைய அடியை வணிகத்திலிருந்து நீக்கினார்கள். நம் அடிக்கு மிக அருகில், 30.3 செ.மீ. கொண்ட அளவு அது. தச்சர்களுக்கு ஷாகு கோல் செய்து விற்பதே குற்றமாயிற்று. கோயிலும் மரவீடும் கட்டுகிறவர்கள் அது இல்லாமல் என்ன செய்வார்கள்? 1970-களில் ரோகுசுகே எய் என்ற வானொலிக்காரர், பாடலாசிரியர், தச்சர்களுக்காகவும் கிமோனோ தைப்பவர்களுக்காகவும் கிளம்பினார். 'சுகியாகி' என்ற பெயரில் உலகமெல்லாம் ஓடிய பாட்டை எழுதியவர் அவர்தான். கடைசியில் அரசு வழிவிட்டது: மீட்டரில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கு என்று கோடு போட்ட அளவுகோலை விற்கலாம். பத்துக் கோடு சேர்ந்தால் ஒரு ஷாகு.

நம் ஆட்கள் போன இடங்களிலும் இதே கூத்துதான். கனடா 1970-களில் மெட்ரிக்குக்கு மாறிய நாடு; டொரன்டோ தமிழர் வீட்டில் வெளியே குளிர் செல்சியஸில், அடுப்பு ஃபாரன்ஹீட்டில், மரம் வாங்குவது 'டூ பை ஃபோர்'. அந்தக் கட்டையை அளந்தால் இரண்டுக்கு நாலு இஞ்ச் இருக்காது, ஒன்றரைக்கு மூன்றரைதான். இழைத்துக் காய்ந்தது போக மிச்சம். யாழ்ப்பாணத்தில் ஒரு றாத்தல் பாண் என்று கேட்டால் 450 கிராம் பாண். றாத்தல் சரியாக 453.6.

வேலை ஒன்றில் ஒரு அளவு என்று முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீரும். நிலை, கதவு, ஜன்னல், கட்டில்: இஞ்சிலும் நூலிலும் போகட்டும், ஒரு நட்டமும் இல்லை. ஆலைப் பெட்டியும் மெஷினும் வரும் அடுப்படியில் முதல் கோட்டிலிருந்தே மில்லிமீட்டர். இரண்டு பேர் அளந்தால் இருவரின் டேப்பையும் முதலில் அருகருகே நீட்டிப் பார்த்துவிடுவது நல்லது. நுனித் தகடு ஆடுகிறது என்று டேப்பைத் தூக்கி எறிய வேண்டாம். தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு ஆட வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். வெளிப்பக்கம் மாட்டி இழுத்தாலும் உள்பக்கம் முட்டிப் பிடித்தாலும் அளவு சரியாக வருவது அதனால்தான்.

இஞ்ச் டேப்பை விடவே முடியாது என்கிற தச்சருக்கு ஒரே ஒரு எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்லலாம். இருபத்து மூன்று இஞ்ச், ஐந்து நூல். பெருக்கினால் 600.075 மி.மீ. வரும், இந்த அளவுக்குப் போடும் பென்சில் கோடே அந்தப் புள்ளிக்குப் பின்னால் உள்ளதைவிட அகலம்.